சித்திரக்கதையும் தணிக்கை முத்திரையும்

ஒரு நூலுக்குக் கட்டுப்பாடு விதிப்போர் அதன் வாசகன் யாவன் என்பதையும் உடன் தீர்மானித்துவிடுகின்றனர். இவ்வுண்மைக்கு ஐக்கிய அமெரிக்காவின் சித்திரக்கதை நூல்களின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

1938 ஆம் ஆண்டில் சுப்பர்மான் என்னும் வீரனை அறிமுகஞ் செய்த ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலிதழின் விலை 10 சதம். சிறுவர் கைக்காசுக்கு எட்டிய இம்மலிவே அந்நூல்களைப் பரப்பியது. ஆயினும் சிறுவர் மட்டுமே அவற்றைப் படித்தாரல்லர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படைவீரரும் விரும்பிப் படித்தனர். போருக்குப்பின் குற்றக்கதைகளும் காதற்கதைகளும் திகிற்கதைகளும் பெருகியமைக்கு வளர்ந்த வாசகரும் ஒரு காரணமாவர்.

இப்பெருக்கங் கண்டு பெற்றோரும் ஆசிரியரும் அஞ்சினர். இத்தகைய நூல்களே சிறுவரைக் குற்றவழியிற் செலுத்துகின்றன என நியூயோர்க் உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்தம் 1954 இல் ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே செனற்சபையின் உபகுழு நியூயோர்க்கில் விசாரணை நடத்தியது. வெட்டுண்ட பெண்தலையைக் காட்டிய ஓர் அட்டைப்படத்தை முன்வைத்து, இது நற்சுவைக்கு ஏற்றதோ என வெளியீட்டாளர் வில்லியம் கெயின்ஸ் வினவப்பட்டார். திகில் நூலின் அட்டைக்கு அது ஏற்றதே என்று அவர் கூறிய விடை, அவர் தரப்புக்கே தீங்காய் முடிந்தது.

அரசின் சட்டத்துக்கு அஞ்சிய வெளியீட்டாளர்கள் தாமே ஒரு சங்கம் அமைத்து விதிகளை வகுத்தனர். தீமையை நன்மை எக்காலும் வெல்லவேண்டும், அதிகாரிகளின் மதிப்புக் குறையலாகாது, தலைப்பிலே ‘திகில்’ என்னும் சொல் வரலாகாது, இரத்தக்காட்டேரிகள் தோன்றலாகா. இவற்றுக்கு அமைந்த நூல்கள் முத்திரை பெற்றன. அம்முத்திரைக்குச் சட்டவலு யாதுமில்லை. ஆனால் அஃதில்லாத நூல்களை மொத்த விநியோகத்தரும் பத்திரிகைக் கடையினரும் ஏற்கத் தயங்கினர். சட்டம் செய்யாததைச் சந்தை செய்தது. டெல் என்னும் பெருநிறுவனம் முத்திரை பெறாமலே தழைத்தது என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. விற்பனைப் பலம் உடையவர்க்கு விதி தேவைப்படவில்லை.

இவ்விதிகள் எதனைக் காத்தன? கெயின்ஸ் 1953 இல் வெளியிட்ட ‘ஜட்ஜ்மென்ற் டே’ என்னும் சிறுகதை இவ்வினாவுக்கு விடை தருகின்றது. பூமியிலிருந்து சென்ற ஒருவன், இயந்திர மனிதர் வாழும் ஓர் உலகைப் பார்வையிடுகின்றான். உள்ளமைப்பில் ஒத்தவரான அவர்கள், மேலுறையின் நிறத்தாற் பிரிந்து, ஒரு நிறத்தார் மற்றவரைத் தாழ்த்தி வாழ்கின்றனர். அண்டக் குடியரசிற் சேரும் தகுதி அவர்க்கு இன்னும் வரவில்லை எனத் தீர்ப்பளித்து அவன் மீள்கின்றான். இறுதிப் படத்திலே தலைக்கவசத்தை அகற்றுகையில் அவன் கறுப்பினத்தவன் எனத் தெரிகின்றது. இறுதிப் படத்தினாலே கருத்தை நிறைவுசெய்தமை இக்கதையின் சிறப்பாகும். பின்னர் இதனை மீள்பதிப்பிட முயன்றபோது, அம்மனிதனின் நிறத்தை மாற்றுமாறு முத்திரை அதிகாரி வற்புறுத்தினார். இனங்களை இழிவுபடுத்தலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்றே என்பது நோக்கத்தக்கது. கெயின்ஸ் மாற்ற மறுத்து அவ்வாறே வெளியிட்டார். அவ்விதழே அவருடைய நிறுவனத்தின் கடைசி வண்ணச் சித்திரக்கதை நூலாயிற்று.

வேர்தமின் அச்சம் முற்றும் பொய்யென்று தள்ளுதற்கில்லை. அந்நூல்களுட் சில குரூரமானவையே. மேலும் சிறுவருக்கு விற்பதைத் தடுப்பதே அவர் விரும்பியது; வளர்ந்தோர் படிப்பதையன்று. ஆயின் தம் சான்றுகள் சிலவற்றை அவர் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதினார் என்பதை, அவருடைய கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த கரோல் ரில்லி 2012 இல் எடுத்துக்காட்டினார். முத்திரையோ வயதுவேறுபாடு பாராது, வாசகர் எல்லாரையும் சிறுவராக்கியது. தொலைக்காட்சியின் பரவலும் சேர, பல வெளியீட்டு நிறுவனங்கள் மறைந்தன.

முத்திரையின் பிடியைத் தளர்த்தியதும் சந்தையே. 1971 இல் அரசின் சுகாதார, கல்வி, நலத் திணைக்களம் வேண்டியபடி போதைப்பொருளின் தீமையைக் கூறிய ‘ஸ்பைடர்மான்’ கதை, முத்திரை மறுக்கப்பட்டும் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே விதிகள் தளர்ந்தன. அப்பத்தாண்டில் சித்திரக்கதைக்கெனத் தனிக்கடைகள் பெருகின. அவை நூல்களைத் திருப்பியனுப்பும் உரிமையின்றிக் கழிவு விலையில் வாங்கின, முத்திரையைப் பொருட்படுத்தவில்லை. வளர்ந்த வாசகரை நோக்கிய ஆக்கங்களுக்கு வழி திறந்தது. யூதரின் துயரைக் கூறும் ஆர்ட் ஸ்பீகல்மானின் ‘மவுஸ்’ 1992 இல் புலிற்சர் சிறப்புப் பரிசு பெற்றது. மார்வெல் நிறுவனம் 2001 இலும், டீசி, ஆர்ச்சி நிறுவனங்கள் 2011 இலும் முத்திரையைக் கைவிட்டன.

இதனை விடுதலை என்று மட்டும் கொள்ளலாகாது. தனிக்கடை பெருக, தெருமுனைக் கடையின் நூலடுக்கு அருகியது. 10 சதத்துடன் வந்த சிறுவன் புறத்தே நின்றான். தணிக்கை வளர்ந்தோரை மறந்தது. புதிய சந்தை சிறுவரை மறந்தது. பிற்காலத்தில் நூலகங்களும் புத்தகக் கடைகளுமே அவர்களை மீட்கத் தலைப்பட்டன. நூலின் தகுதியை அளக்க முத்திரையும் போதாது, விற்பனையும் போதாது. சிறுவன் கையிலுள்ள நூலைத் தாமும் படித்து, அதன் நயத்தையும் நயமின்மையையும் அவனோடு பேசவல்ல ஆசிரியரும் பெற்றோருமே அதற்கு உரியவராவர்.