கைப்பிடி அரிசி முதல் அசனம் வரை

திருநெல்வேலிச் சீமையிலே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையிடம் வருஷத்தில் எத்தனை பண்டிகைகள் என்று கேட்டால், கிறிஸ்துமஸ், புதுவருஷம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று ஒரு கையின் விரல்களை மடக்கி முடித்துவிட்டு, மறுகையின் முதல் விரலுக்கு வரும்போது சற்றே குரலை உயர்த்தி, 'அறுப்பின் பண்டிகை' என்று சொல்லும். முன்னே சொன்னவை யாவும் உலகத்துக்கெல்லாம் பொதுவானவை. இதுவோ சேகரத்துக்குச் சேகரம், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிக்குத் தொகுதி, தேதி மாறுகிற, தன் ஊர்க் கோயிலுக்கே சொந்தமான பண்டிகை என்பது அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

கிறிஸ்துமஸை ரசிக்க ஒருவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் நாலு மணி ஆராதனைக்குப் புதுச்சட்டை சரசரக்கப் போவதும், திரும்பி வந்து பலகாரத் தட்டுகளை அண்டை வீடுகளுக்குச் சுமப்பதும் தாமே தம்மைக் கற்பித்துக்கொள்ளும். அறுப்பின் பண்டிகை அப்படியன்று. வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரை ஒருமுறை எங்கள் கோயிலுக்கு அழைத்துப் போனேன், அவர் தூண்தோறும் கட்டியிருந்த கரும்பையும் வாழையையும் பார்த்தார், பீடத்தின் முன்னே குவிந்திருந்த பூசணிக்காய்களைப் பார்த்தார், வாசலில் கால் கட்டிக் கிடந்த சேவல்களையும் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, கோயிலுக்குள் சந்தை கூடியிருக்கிறதே!" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பத்து மணிக்கு வந்தவர் கண்ணுக்குச் சந்தைதான் தென்படும். அந்தப் பண்டிகையோ அதற்கு முந்திய வருஷமே, வீட்டு அடுக்களையில், ஒருவரும் பாராத வேளையில் தொடங்கிவிட்டிருந்தது.

எங்கள் ஆச்சி அடுப்பங்கரை மூலையில் ஒரு சிறு மண்கலயம் வைத்திருந்தாள். உலைக்கு அரிசியை அளந்து சுளகில் கொட்டியபின், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லி, அந்தக் கலயத்தில் போடுவாள். கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர். பானை நிறைய அரிசி இருக்க, அளந்த அரிசியிலிருந்து எதற்காக எடுக்க வேண்டும் என்று பிள்ளைப் புத்தியில் ஒருநாள் கேட்டேன். "பானையில எடுத்தா பானைதாம்ல கொறையும்; நம்ம சாப்பாட்டுல ஒரு பிடி கொறைய வேண்டாமா?" என்றாள். காணிக்கையைக் குறித்து நான் பிற்காலத்தில் கேட்ட பிரசங்கங்கள் பலவற்றிலும் இதைவிடத் தெளிவான வியாக்கியானம் கிடைக்கவில்லை.

ஒரு பிடி அரிசி 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரு வேளை எடுத்தால் வருஷத்துக்கு 29 கிலோ. குடும்பத்தில் ஒருவருக்கும் பசி கூடவில்லை, ஒருவரும் மெலியவில்லை, மாதம் ஒருமுறை கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதால் அது நிறைந்ததைக்கூட ஒருவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. இந்த வழக்கம் எங்களுக்கு மட்டும் உரியது என்று பெருமை கொள்ளவும் இடமில்லை. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் என்று ஏழைகளுக்கு அன்னமிட இதையே வகுத்தார். கிழக்கே மிசோரத்துச் சபைகளின் தாய்மார் 1910 முதல் இதே பிடியரிசியைக் கொண்டே தங்கள் ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். அரிசி உண்ணும் ஜனங்களின் கைக்குத் தானே தோன்றிய தர்மம் போலும்.

ஆகவே, அறுப்பின் பண்டிகையைக் குடும்பத்தோடு ரசிக்க விரும்புகிறவர் முதலில் செய்யத்தக்கது, அந்தக் கலயத்தை மறுபடியும் அடுக்களைக்குக் கொண்டுவந்து, அதில் அரிசி போடுகிற உரிமையை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படைப்பதேயாகும். குழந்தையின் பிடி சிறிது. பாதி கீழே சிந்தும். சிந்தட்டும். தன் கையால் போட்ட அரிசி கோயிலில் வந்து குவிந்து கிடப்பதைப் பண்டிகையன்று காணும்போது அதன் கண்ணில் தோன்றும் பிரகாசத்தைப் பெற்றோர் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி, முதற்பலன். தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என இருபோகம் விளைவிப்பவர் நெற்கதிரைக் கொண்டுவருவார். செம்மணல் தேரிக்காட்டில் பனையேறுகிறவர் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவருவார். ஆடு, கோழி, முருங்கைக்காய், தேங்காய், அடைகாக்க வைத்ததில் மிஞ்சிய முட்டை எனத் தத்தம் வீட்டில் எது விளைந்ததோ அதுவே காணிக்கை. வேதாகமத்தில் உபாகமத்தின் 26ஆம் அதிகாரத்திலே, கானான் தேசத்தில் குடியேறிய இஸ்ரவேலர் நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து, தங்கள் முன்னோர் அந்நியராய் அலைந்த கதையைச் சொல்லி ஒப்படைக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. கூடையோடு கதையும் சேர்ந்து போகவேண்டும் என்பதுதான் அந்த விதியின் அழகு. உங்கள் வீட்டுக் கூடையை நிரப்பும்போது, தாத்தா எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்று பிழைத்தார், இந்தத் தென்னையை நட்டது யார், முதல் சம்பளம் வந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்பனவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நன்றி என்பது ஞாபகத்தின் வேறொரு பெயர் என்றே எனக்குப் படுகிறது.

பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் வழியில் காரை நிறுத்தி, பழக்கடையில் பளபளக்கும் ஆப்பிள் ஒரு பெட்டி வாங்கிக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கொடுப்பதைக் குறைகூற நான் யார்? ஆயினும், தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை ஒரு கொத்து அந்தப் பெட்டியைவிட அந்தஸ்து மிக்கது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். தையற்காரர் ஒருவர் வருஷந்தோறும் தாமே தைத்த சிறுபிள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவருவார், அதுவும் அறுப்புத்தான்.

இங்கிலாந்திலே, கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற கடற்கரைச் சிற்றூரின் குருவாகிய ராபர்ட் ஹாக்கர் என்பவர் 1843இல் நடத்திய ஸ்தோத்திர ஆராதனையிலிருந்துதான் இக்காலத்து அறுப்புப் பண்டிகை அந்நாட்டுச் சபையில் பரவிற்று என்பார்கள். இருக்கட்டும், ஆனால் கருப்பட்டி மணக்கும் நம் பண்டிகையை ஹாக்கர் துரை வந்து கண்டால் தம் பிள்ளை என்று அடையாளம் கண்டுகொள்வாரா என்பது சந்தேகமே.

பண்டிகையன்று ஆராதனை மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே கோயிலுக்குள் போய்விடுங்கள். மெஞ்ஞானபுரத்துத் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கண்கள், அன்று ஒருநாளாவது தரையைப் பார்க்கட்டும். கண்ணைக் காட்டிலும் மூக்குக்கு அன்று வேலை அதிகம். கரும்பின் பச்சை மணமும், புதுநெல்லின் தூசி மணமும், பழுத்த வாழைத்தாரின் இனிப்பும், இவற்றினூடே எங்கோ ஒரு கோழியின் நெடியும் கலந்து வருகிற அந்தக் காற்று வேறெந்த ஆராதனைக்கும் இல்லை. அந்தக் காற்றில் உட்கார்ந்து ரூத்தின் சரித்திரத்தை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பிழைக்க வந்த அந்நிய தேசத்து விதவை, போவாஸின் வயலில் சிந்திய கதிர் பொறுக்கிய ஊர் பெத்லகேம். அந்தப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். கிறிஸ்துமஸ் பிறந்ததும் அதே ஊரில்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், காணிக்கையாய் வந்த பொருள்களின் ஏலம். கோயில் முற்றத்தில் மேஜைமேல் ஏறி நிற்பவருக்குக் குரலும் வேண்டும், குறும்பும் வேண்டும். "பூசணி அம்பது ரூவா, அம்பது ஒரு தரம்... என்ன அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து வந்துட்டு அம்பதுலயே நிக்கிய?" என்று அவர் சீண்ட, நூறாகும், இருநூறாகும், எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, "கோயிலுக்கே விட்டாச்சு, திரும்பப் போடும்" என்பார். அதே பூசணிக்காய் மூன்று முறை விலைபோனதை நான் கண்டிருக்கிறேன். இங்கே பொருளின் விலையைப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் வாங்கி மறுபடியும் கொடுப்பதால், ஒரு கொடிக்குப் பிறந்த காய் பலருடைய காணிக்கையாகிவிடுகிறது. பிள்ளைகள் கையில் சிறுதொகை கொடுத்து, ஒரு முட்டையையாவது அவர்களே கேட்டு எடுக்கும்படி விடுங்கள். தோற்றாலும் சிரிக்கப் பழகுவார்கள்.

இந்த விளையாட்டு வினையாவதும் உண்டு. இரு செல்வர் பகைமை ஒரு வாழைத்தாரின்மேல் ஏறி, தொகை ஆயிரங்களைத் தாண்டி, சுற்றிநின்ற எளியவர் வாயடைத்துப்போன ஏலத்தையும் நான் பார்த்ததுண்டு. ஒலிபெருக்கியில் பேரும் தொகையும் முழங்கும்போது, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட சுவிசேஷத்து விதவையை யார் நினைக்கப்போகிறார்கள்? அத்தகைய கட்டம் வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சமையற்பந்தலுக்குப் போய்விடுவது உத்தமம்.

அங்கேதான் பண்டிகையின் உச்சம் காத்திருக்கிறது. அசனம் என்றால் வடமொழியில் உணவு. பேச்சில் இந்தச் சொல் அருகிவிட்டபோதிலும், எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் என்றால் ஊர்ப் பொதுவிருந்து என்று குழந்தையும் அறியும். முந்திய இரவே தொடங்கிவிடும் வேலை. பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து காய் நறுக்க, ஆண்கள் அண்டாக்களை அடுப்பேற்ற, உபதேசியார் குறுக்கும் நெடுக்கும் நடக்க, விடியும்போது பாய்களின்மேல் வெண்சோறு மலையாய் ஆவி பறக்கும். சில ஊர்களில் ஆட்டுக்கறிக் குழம்பு, சிலவற்றில் சாம்பார். கைப்பிடி அரிசியும் ஏலப்பணமும் ஒரு பங்கு இங்கே இலைக்கு வந்து சேர்கின்றன.

எல்லாரும் ஒன்றாய்ப் பந்தியில் உட்காருவதை அற்பமாக எண்ணவேண்டாம். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் ஜாதி வித்தியாசம் அறவே ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சையில் பெருங்கலகம் மூண்டது. நாம் இன்றும் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர். அந்தச் சரித்திரம் முழுதும் தீர்ந்துபோயிற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனாலேயே, குடும்பமாய் ஒரே வரிசையில் உட்காராமல், பிரிந்து, முன்பின் அறியாதவர் பக்கத்தில் ஒவ்வொருவராய் உட்காருங்கள் என்பேன். உங்கள் பிள்ளையின் இலையில் உப்பில்லை என்று கண்டு யாரோ ஓர் ஆச்சி எட்டி வைப்பாள். அந்த உப்பின் ருசி வீட்டுக்கு எடுத்துப்போகிற தூக்குவாளியில் வராது.

தூக்குவாளி கூடாது என்பதல்ல. நடக்கமாட்டாத முதியவருக்கும், கோயிலுக்கு வராத அயல்வீட்டாருக்கும் சோறு போகவே வேண்டும். உபாகமம் சொல்லும் பண்டிகையிலே அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வீட்டாரோடு சேர்ந்தே மகிழவேண்டுமென்று விதித்திருக்கிறது. முதலில் அவர்கள் வாளியை நிரப்பிப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். பிறகு பந்திக்குப் போங்கள்.

சாயங்காலம் கிளம்புமுன், நெல் கொண்டுபோன ஓலைப்பெட்டியை மட்டும் ஞாபகமாய்க் கேட்டு வாங்கி வாருங்கள். அடுத்த வருஷத்துக்கு அதே பெட்டி வேண்டும்.