கூட்டேரிப்பட்டில் இறங்குங்கள்

சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் காரோட்டிப் போகிறவர்களுக்குக் கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் தாண்டியதும் வேகத்தைக் குறைக்க வைக்கும் ஒரு சந்திப்பு. மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். புதுச்சேரிக்கு ஒரு சாலை கிழக்கே பிரியும். மற்றபடி டீக்கடைகள், பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம், லாரிகள். விழுப்புரம் இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான் என்பதால், "அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று வண்டி விலகிவிடும்.

இந்த முறை விலக வேண்டாம். இரண்டு பகல், முடிந்தால் மூன்று பகல் ஒதுக்கி, இந்தக் கூட்டுரோட்டை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். மேற்கே போகப் போகப் பாறை. கிழக்கே போகப் போகச் செம்மணல், கடைசியில் கடல். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு. இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டே போனால், பார்க்கிற கோட்டையும் கோயிலும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். அதனால் இந்த வட்டாரத்துக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: இடங்களின் பட்டியலோடு வராதீர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

எப்போது வருவது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை. சித்திரை வெயிலில் செஞ்சிப் பாறைமேல் நிற்பது தண்டனை. மழைக்காலத்தின் நடுவிலும் வராதீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் போன தடம் பல ஊர்களில் இன்னும் ஆறாத காயம்.

சாலையைப் பொறுத்தவரை ஒரே விதி: பெருஞ்சாலையைக் குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற நேரமெல்லாம் ஊர்ச் சாலை, நாற்பதுக்கு மேல் போகாத வேகம். கைப்பேசி வரைபடம் உங்களை எப்படியாவது நான்குவழிச் சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும். அதை அணைத்துவிட்டு ஆளைக் கேளுங்கள். "மேல்சித்தாமூருக்கு எப்படிண்ணா போறது?" என்றால், "ஏரிக்கரை மேலயே போங்க, வேப்பமரத்தாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று பதில் வரும். கிலோமீட்டர் கணக்கு வராது. இங்கே வழி சொல்வதே மரத்தையும் ஏரியையும் வைத்துத்தான் என்பதால், கேட்ட மாத்திரத்தில் நீங்களும் அவற்றைக் கவனிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

ஏரியை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நிறையப் பேர் கரையில் நின்று தண்ணீரைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கரைக்குக் கீழே நெல்லும் கரும்பும் பச்சையாக விரிந்திருக்கும். அதுதான் ஆயக்கட்டு. கரைக்கு மறுபுறம், நீர்ப்பரப்புக்கு அப்பால் மேடான காட்டில் மணிலாவும் உளுந்தும் சவுக்கும் இருக்கும். பச்சை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பள்ளம். இதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சமவெளி உண்மையில் சமமே இல்லை, மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடும். பிறகு மதகைத் தேடுங்கள். பிறகு கலங்கல். தை மாதத்தில் அதிர்ஷ்டமிருந்தால் அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். "ஏரி கோடி போவுது" என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அப்படி வழியும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. கரைமேல் வரிசையாகப் பனை நிற்பது அழகுக்காக நட்டதில்லை. கரை மண்ணைப் பிடித்துக்கொள்ள வைத்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பனையேறும் குடும்பங்கள் இன்னும் உண்டு. தை பிறந்த பிறகு வந்தால், காலை வெயில் ஏறுமுன் பதநீர் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு விற்பதை வாங்காதீர்கள்.

மணிலா என்றேன். இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. அவித்தும் வறுத்தும் கூட்டுரோட்டுக் கடைகளில் கிடைக்கும். தின்றுகொண்டே ஒரு சேதி: திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்குத்தான் டி.எம்.வி. என்று பெயர். நாட்டின் எந்தெந்த மூலையிலோ விதைத்தவர்கள், இந்த ஊரின் பெயரைச் சுருக்கிச் சொல்கிறோம் என்று அறியாமலே விதைத்திருப்பார்கள்.

முதல் நாள் விடிகாலையில் மயிலம். கூட்டேரிப்பட்டிலிருந்து சில நிமிடம்தான். குன்று சிறியது. சூரபதுமன் மயில் வடிவ மலையாக நின்று தவம் செய்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வீரசைவ மரபில் வந்த பொம்மபுர ஆதீனம் நிர்வகிக்கும் கோயில் இது. முருகன் கோயிலை வீரசைவ மடம் பார்த்துக்கொள்வதே தமிழ்நாட்டில் அபூர்வம். பங்குனி உத்திரத்திலும் கிருத்திகை நாட்களிலும் கூட்டம் நெரியும் என்பதால், சாலையை ரசிக்க வருகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். தரிசனம் முடிந்ததும் இறங்கிவிடாமல், மேலிருந்து நாலாபக்கமும் ஒரு சுற்றுப் பாருங்கள். நான் மேலே சொன்ன ஏரி, பச்சை, மேடு எல்லாம் இங்கிருந்து மொத்தமாகத் தெரியும். கூடவே வரிசையாகக் கல் நட்டுக் கொடி கட்டிய மனைப் பிரிவுகளும், கல்குவாரிகள் கிளப்பும் தூசும் தெரியும். அவற்றையும் சேர்த்துத்தான் இந்த நிலம்.

பிறகு பெருஞ்சாலையைக் கடந்து மேற்கே திரும்புங்கள். ரெட்டணை, தீவனூர்ப் பக்கமாகச் செஞ்சிச் சாலையைப் பிடித்து, நடுவில் மேல்சித்தாமூருக்கு விலகுங்கள். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான். மடாதிபதிக்கு இலட்சுமிசேன பட்டாரகர் என்று பட்டம். பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் வயல்களுக்கு மேலே திடீரென்று எழுந்து நிற்கும். நான் போகச் சொல்வது அதைவிடப் பழைய மலைநாதர் கோயிலுக்கு. ஒரு பாறையில் தீர்த்தங்கரர்களையும் பாகுபலியையும் வெட்டியிருக்கிறார்கள். சமணம் தமிழ்நாட்டில் அழிந்துபோனது என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். மல்லாட்டையும் நெல்லும் பயிரிட்டுக்கொண்டு, பொழுது சாயுமுன் இரவுச் சாப்பாட்டை முடிக்கிற தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன. மடத்துக்குள் போகும்போது தோல் பொருட்களை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இதன்பின் பாறைகள் கூடத் தொடங்கும். முதலில் வயலுக்கு நடுவே ஒன்றிரண்டு உருண்டைகள், பிறகு சிறு குன்றுகள், பிறகு செஞ்சி. முதன்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது, "இவ்வளவு பெரிய கல்லையெல்லாம் மேலே யார் அடுக்கியது?" யாரும் அடுக்கவில்லை. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான கருங்கல் மலை அது. மண்ணுக்கடியில் இருந்த காலத்திலேயே குறுக்கும் நெடுக்கும் விரிசல் விட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிட்டது. விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளையும் முதலில் அரித்தது. மூலை போனால் சதுரம் உருண்டையாகும். பிறகு மேல்மண் கழுவிப் போக, உள்ளே இருந்தது வெளியே நின்றது. அடுத்த முறை பாறையைப் பார்க்கும்போது விரிசல்களைப் பாருங்கள். இன்னும் சதுரமாக இருப்பவை, பாதி உருண்டவை, முழுதும் உருண்டவை எனப் பல பருவங்கள் ஒரே சரிவில் தெரியும்.

இந்தக் கல்தான் கோட்டையையும் கொடுத்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துவிட்டால், ஏறி வரக்கூடிய பக்கங்களை மட்டும் காத்தால் போதும். மிச்சத்தை மலையே பார்த்துக்கொள்ளும். 1677இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் இராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, வெளியே முற்றுகையிட்டிருந்த முகலாயப் படைக்குக் கோட்டை கைவர 1698 வரை ஆயிற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு இது தேசிங்கு ராஜன் கோட்டை. 1714இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி இறந்த இளைஞன், கதைப்பாட்டில் குதிரையோடு இன்னும் வாழ்கிறான்.

ராஜகிரி ஏறுவதென்றால் மறுநாள் காலை திறந்ததும் ஏறிவிடுங்கள். தண்ணீர் கட்டாயம், தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது. ஏற முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கீழே கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் குளமும் இருக்கின்றன. திருவண்ணாமலை போகும் சாலையே குன்றுகளுக்கு நடுவே மதிலை ஊடுருவிப் போகிறது. வெள்ளிக்கிழமையாக இருந்தால், கோட்டைக்கு முன்பே செஞ்சி ஆட்டுச் சந்தைக்குப் போய்விடுங்கள். விடியுமுன் தொடங்கி வெயிலுக்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். பக்கத்து ஊரான மேலச்சேரியைத்தான் திரௌபதி வழிபாட்டின் மூல ஊராக இப்பகுதி மக்கள் கருதுகிறார்கள். பங்குனிக்குப் பிறகு வருகிறவர்கள், வழியில் எங்கேனும் "பாரதம் போட்டிருக்காங்களா?" என்று விசாரியுங்கள். இரவு முழுக்கத் தெருக்கூத்து கிடைத்தால், கோட்டையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தாலும் நஷ்டமில்லை.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் சாலையில் தெற்கே வந்தால் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைந்த குடைவரை. அளவில் சிறியது. பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக அரசன் அங்கே கல்லில் எழுதிவைத்திருக்கிறான். காலையிலிருந்து அந்தக் கல்லின் ஊடாகவே வந்திருப்பதால், அவன் எதைச் சாதனையாகக் கருதினான் என்று உங்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்காது. நேரமிருந்தால் அனந்தபுரம் பக்கமாகப் பனைமலை. இராசசிம்மன் காலத்துக் கோயில். கீழே பெரிய ஏரி. சுவரில் பல்லவ ஓவியத்தின் எச்சமாக, குடையின் கீழ் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் தேவி. பிளாஷ் போடாதீர்கள்.

கடைசிப் பகல் கிழக்கே. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணியைத்தான் வராகநதி என்கிறார்கள், செஞ்சியாறு என்கிறார்கள். அதோடு தொண்டியாறு சேரும் இடத்தில் 1950களின் கடைசியில் கட்டியது வீடூர் அணை. 32 அடிதான் கொள்ளளவு உயரம். தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் இதை நம்பியிருக்கின்றன. மேட்டூரை நினைத்துக்கொண்டு வராதீர்கள். அதன் கரையில் நடப்பது, ஓர் ஏரியைப் பெரிதாக்கி அதன் கரையில் நடப்பதுதான். மாலையில் நன்றாக இருக்கும்.

அதே ஆற்றங்கரையில் இன்னும் கீழே திருவக்கரை. வக்கிரகாளி கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் வரும். வருகிறவர்களில் பாதிப்பேர், அருகிலேயே உள்ள கல்மரப் பூங்காவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் இவை. நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் இழையிலும் ஏறி, மரம் போய்க் கல் நின்றுவிட்டது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 1781இலேயே இதைக் குறித்திருக்கிறார். குனிந்து பாருங்கள். நார் தெரியும், கணு தெரியும், சிலவற்றில் வளையமும் தெரியும். விரலால் தட்டினால் கல். காலடியில் தரை சிவந்து, மணலாகி, செஞ்சியின் கருங்கல் எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டிருக்கும். துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், சட்டப்படி குற்றம்.

இங்கிருந்து புதுச்சேரி கிட்டத்தில்தான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த கையோடு தூண்களையும் கொண்டுபோனார்கள். நீங்கள் வந்த அதே திசைதான்.

மாசி மகத்தன்று வந்தால் சாமிகளும் அதே திசையில் போவதைப் பார்க்கலாம். மயிலம் முருகன், தீவனூர்ப் பெருமாள், செஞ்சி அரங்கநாதர் எல்லாரும் ஊரைவிட்டுக் கிளம்பி, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குக் கூடுவார்கள். அந்த நாளில் வருவதானால் புதுச்சேரிக்குள் காரை ஓட்டிப்போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வண்டியைக் கூட்டேரிப்பட்டிலோ மயிலத்திலோ நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறுங்கள். விடிகாலைப் பேருந்தாக இருந்தால் உட்கார இடம் கிடைக்கலாம்.