மார்கழியில் ஒரு பட்டியல்

இளங்கலை வகுப்பில் திருப்பாவையின் இரண்டாம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். நோன்பிருக்கும் பெண்கள் எதையெல்லாம் விலக்குகிறார்கள் என்று கேட்டேன். நெய், பால், கண்மை, பூ என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "எங்கம்மா வருஷம் முழுக்க நெய் ஊத்திக்கிறதில்ல மேடம். எங்களுக்குப் போட்டு மிச்சமிருந்தாத்தான். அது நோன்புல வருமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் இப்போதெல்லாம் திருப்பாவையைப் படிக்கிறேன். ஆண்டாளின் பெண்கள் விலக்குவதற்கு ஒரு கெடு இருக்கிறது. 27ஆம் பாட்டில் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன: கைவளை, தோள்வளை, தோடு, காலில் பாடகம், புத்தாடை, முழங்கைவரை நெய் வழியும் பால்சோறு. அந்தச் சோற்றையும் தனியே அடுப்படியில் நின்றல்ல, எல்லோரும் கூடியிருந்து உண்கிறார்கள். இருப்பதைத் தானே விலக்கியவள்தான் இப்படிக் கூச்சமில்லாமல் திரும்பக் கேட்க முடியும். அந்த மாணவியின் அம்மா எதை விலக்கினாள்? அவளிடமிருந்து அது வாங்கிக்கொள்ளப்பட்டது.

பாவை நோன்பு மழைக்காகவும் நல்ல கணவனுக்காகவும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். மழை சரி, மூன்றாம் பாட்டிலேயே பெய்கிறது. கணவன்? மாணிக்கவாசகரின் திருவெம்பாவைப் பெண்கள் சிவனடியார்களே தங்களுக்குக் கணவராக வேண்டும் என்று நேராகக் கேட்கிறார்கள். திருப்பாவையின் 30 பாட்டிலும் அப்படியொரு நேரான வேண்டுதல் இல்லை. பெண்குரலில் ஆண் எழுதியதற்கும் பெண்ணே எழுதியதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று ஒரு கருத்தரங்கில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்று அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். நாச்சியார் திருமொழி தைமாதக் காமன் நோன்போடுதான் தொடங்குகிறது. அங்கே கண்ணனைக் கணவனாகக் கேட்பதில் ஆண்டாளுக்குத் தயக்கமே இல்லை.

எனக்கும் ஒரு மார்கழிப் பழக்கம் உண்டு. பதினாறு வயதிலிருந்து, மாதம் பிறக்கும் அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கு வேண்டியவற்றை எழுதிவைப்பேன். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். முடியை வெட்டிக்கொள்ள வேண்டும். ஆய்வேட்டை முடிக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு எழுதியவை வேறு: பையனுக்கு மூச்சிரைப்பு நிற்க வேண்டும், வீட்டுக்கடன் அடைய வேண்டும், மாமியாரின் கண் அறுவை நல்லபடியாக முடிய வேண்டும். ஒருமுறை பரண் சுத்தம் செய்யும்போது அந்த நோட்டுகளை வரிசையாக வைத்துப் படித்தேன். ஒன்பது ஆண்டுகள் நான் ஒரு கவிதைகூட எழுதவில்லை. எழுதாததைவிட, 'கவிதை' என்ற சொல்லே அந்த ஒன்பது பட்டியல்களிலும் இல்லாததுதான் என்னை உட்கார வைத்தது. யாரும் தடுக்கவில்லை. வேண்டும் என்பதே மறந்திருந்தது.

29ஆம் பாட்டு எனக்குப் புரியத் தொடங்கியது அதன் பிறகுதான். மாதம் முழுவதும் பறை கேட்டு வந்த பெண்கள், பறைக்காக வரவில்லை என்கிறார்கள். எங்கள் மற்ற விருப்பங்களை மாற்று என்கிறார்கள். கேட்ட பொருளை விட்டுவிட்டு, கேட்கும் மனத்தையே திருத்தக் கேட்கிறார்கள். எத்தனை பிறவியானாலும் உனக்கு மட்டுமே தொண்டு செய்வோம் என்கிறார்கள். இது அடிமைத்தனம்தானே என்று மாணவியர் கேட்பார்கள். ஆமாம். பக்தி என்று சொல்லி அதை மூடிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த 'மட்டும்' என்பதைக் கவனிக்கச் சொல்வேன். தகப்பனுக்கு, ஊருக்கு, வரப்போகிறவனுக்கு என்று காத்திருக்கும் அத்தனை தொண்டுகளையும் அது ஒரேயடியாக மறுத்துவிடுகிறது. அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆண்டாளுக்கும் ஒத்துப்போகாது.

சென்ற மார்கழியில் நோட்டைத் திறந்து, பழக்கதோஷத்தில் 'பையனுக்கு' என்று எழுதி, அடித்தேன். அவன் இப்போது என்னைவிட உயரம். கீழே, 'காலை நாலரையிலிருந்து ஆறுவரை எழுத்து' என்று எழுதினேன். அன்று வீட்டில் எல்லோருக்கும் காபி ஆறரைக்குத்தான் கிடைத்தது.