இரண்டு திரை, ஒரே முதலாளி

2025 ஜூலை 6 அன்று டி.என்.பி.எல். கிரிக்கெட் இறுதியாட்டம் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ், திருப்பூர் தமிழன்ஸிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்றது. மைதானத்துக்குப் போகாதவர்கள் கேபிளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸிலோ செல்போனில் ஃபேன்கோட் செயலியிலோ பார்த்தார்கள்.

டீக்கடையில் இந்த இரண்டு கூட்டமும் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டிவி பக்கம் "அவுட்!" என்று கத்துவார்கள், செல்போன்காரருக்கு பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருப்பார். சில நொடித் தாமதம் ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிடும். கேபிள் கட்டணம் குடும்பத்துக்கே ஒன்று. செல்போனிலோ ஆளுக்கு ஆள் டேட்டா கரைகிறது. ஆனால் நூல் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் வருபவருக்கு டிவியால் என்ன பயன்?

கேபிளுக்கும் செல்போனுக்குமான இந்தப் போட்டியை நான் குறைசொல்ல மாட்டேன். 2022 ஏலத்தில் ஐ.பி.எல்.லின் ஐந்தாண்டு டிவி உரிமையை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் எடுத்தது. டிஜிட்டல் உரிமை 20,500 கோடிக்கு வயாகாம்18 வசம் போனது. ஆட்டம் ஒன்றுக்கு ஐம்பத்தேழரைக் கோடி, ஐம்பது கோடி. மறு ஆண்டே வயாகாம்18இன் ஜியோசினிமா ஐ.பி.எல்.லை இலவசமாகக் காட்டியது, தமிழ் வர்ணனையோடு. விடுவார்களா? ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் செல்போனில் இலவசமாக்கியது டிஸ்னி ஸ்டாரின் ஹாட்ஸ்டார். இவர்கள் மோதிக்கொண்டதில் லாபம் நமக்குத்தான்.

அந்த லாபம் நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் இரு நிறுவனங்களும் இணைந்தன. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லை முழுதாகப் பார்க்க சந்தா கட்ட வேண்டும், இல்லையேல் அதைச் சேர்த்துத் தரும் ரீசார்ஜ் போட வேண்டும். கேபிளும் செல்போனும் சண்டையிடுவதாக இன்னும் எழுதுகிறார்கள். ஐ.பி.எல்.லைப் பொறுத்தவரை இரண்டு கல்லாவும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

சட்டம் துணைக்கு வருமா என்றால், பாதி வழிதான். முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கான பட்டியலில் இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் உண்டு, ஐ.பி.எல். இல்லை. அப்படிப் பகிர்ந்ததையும் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்குத் தரக்கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, வீட்டில் கேபிள் மட்டும் இருப்பவர் கட்டணச் சேனலுக்குத்தான் போக வேண்டும். செல்போனையே டிவியாக வைத்திருப்பவரை 2007இல் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது; இன்று நினைக்காமல் இருப்பதற்குத்தான் சாக்கு இல்லை.