அரண்மனை என்று எழுதிய பலகை

ஆத்தங்குடியில் ஊர்க்காரர்களுக்கு அது ‘பெரிய வீடு’. வாடகைக் காரில் வருகிறவர்கள் கைபேசியில் தேடுவது ‘ஆத்தங்குடி அரண்மனை’யை. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். ஆனால் எந்தப் பெயரைக் கேட்டு உள்ளே நுழைகிறோமோ, அதற்கு ஏற்றபடிதான் கண் பார்க்கிறது.

புதுக்கோட்டைப் பக்கத்தில் குடியிருப்பதால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற உறவினர்களைச் செட்டிநாடு சுற்றிக்காட்டும் வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை என் தலையில் விழும். பாதை மனப்பாடம். காலையில் திருமயம் கோட்டை, பிறகு கானாடுகாத்தான் தெருக்கள், ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையும் பெரிய வீடும், மதியம் வாழை இலைச் சாப்பாடு, மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள், இருட்டுவதற்குள் பிள்ளையார்பட்டி. எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் ஊர் திரும்புகிறார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சரியில்லை என்று படும். அது அந்த ‘அரண்மனை’ என்ற சொல்தான் என்று பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

அரண்மனை என்றால் ஒரு ராஜா வேண்டும். கேள்விகளும் அதற்குத் தகுந்த மாதிரி வரும். எத்தனை தூண், எத்தனை ஜன்னல், மரம் எங்கிருந்து வந்தது? வழிகாட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது: பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்டு முடிக்கும்போது கையில் இருப்பது ஒரு சாமான் பட்டியல். வீடு என்று நினைத்து நுழைந்தால் வேறு கேள்விகள் எழும். யார் யார் இருந்தார்கள்? எங்கே படுத்தார்கள்? எத்தனை அடுப்பு எரிந்தது? பணம் எப்படி வந்தது? இன்றைக்கு யாருக்குச் சொந்தம்?

ஒரு சின்ன உதாரணம். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளை எட்டிப் பார்க்கிற எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “இவ்வளவு பெரிய வீட்டுல இவ்வளவு சின்ன ரூமா?” நல்ல கேள்வி; அரண்மனைக் கதையில் அதற்கு இடமில்லை என்பதால் வழிகாட்டி சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்ற செட்டியார் குடும்பத்தில் கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. அவனுக்கு வளவில் அறை உண்டு. சில காலம் கழித்து ‘வேறு வைப்பார்கள்’: ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனிச் செலவு, தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை, வட்டிக்கடைக்காரர்கள் தங்களுக்கே உரிய கறார்த்தனத்தோடு திருத்தி அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அறையில் அந்தப் புள்ளியின் சீர் சாமானும் பெட்டியும் இருக்கும். வாழ்க்கை நடந்தது வளவிலும் தாழ்வாரத்திலும். அறை சிறியதாக இருந்ததற்கு இதுதான் காரணம். இந்த வீடுகளில் நான் கேட்ட மிகச் சரியான வருணனை, ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி சொன்னது: “அரமணையெல்லாம் இல்ல தம்பி. பதினோரு புள்ளிக்கு அடுப்பெரிஞ்ச வீடு.”

அடுத்தது பணம். ‘பர்மாத் தேக்கு’ என்று சொல்லும்போது வழிகாட்டியின் கை தூணைத் தட்டுகிறது. பர்மாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு ஐராவதி முகத்துவாரத்தின் சதுப்பு நிலம் நெல் வயலானது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு எந்த ஐரோப்பிய வங்கியும் கடன் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் செட்டியார்கள். அந்தக் கடன் இல்லாமல் அந்த நெல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால் பங்கை எட்டிவிட்டது. அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, பணத்தை. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் ஆறுதலாக இருந்திருக்காது. பிறகு 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் வந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. இங்கே வீடு கட்டுவது அநேகமாக நின்றுபோனதற்கும் பல வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கும் பின்னால் இருக்கும் கதை இதுதான். இதைச் சொல்லாமல் தூணை மட்டும் காட்டினால், கடன் பத்திரத்தில் கையெழுத்தை விட்டுவிட்டு ஓரத்துப் பூ வேலையை ரசிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தச் சுற்றில் எனக்குக் குறை சொல்லத் தோன்றாத இடம் ஆத்தங்குடிக் கல் பட்டறை. அங்கே அரண்மனைப் பேச்சு இல்லை; தரையில் குந்தி வேலை செய்கிறவர் இருக்கிறார். ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் எடுத்து, மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார். அடுப்பு கிடையாது, சூளை கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் கிடந்து வெளியே வரும்போது கண்ணாடி தானாக விலகும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். பார்க்கிறவர்கள் அங்கே வாயை மூடிக்கொள்கிறார்கள். இறக்குமதிப் பொருள் குவிந்த வீடுகளின் நடுவே உள்ளூர் மணலும் உள்ளூர்க் கையும் செய்த பொருள் இது. மலிவான இயந்திர ஓடுகள் சந்தையை நிறைத்த பிறகும் இந்தப் பட்டறைகளுக்கு ஆர்டர் வருகிறது என்றால், வந்து பார்த்து, வீடு கட்டும்போது நினைவு வைத்துக் கேட்கிறவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பனை ஓலைக் கூடையான கொட்டானுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் பை நுழைந்து அது மறையத் தொடங்கியபோது, விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்கு முடையக் கற்றுக்கொடுத்து மீட்டது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கையால் செய்கிற பொருளில் சுற்றுலாவின் பணம் நேராக ஒருவரின் கூலிக்குப் போகிறது. வேறெதிலும் இவ்வளவு நேராகப் போவதில்லை.

சாப்பாட்டில் நிலைமை தலைகீழ். ‘செட்டிநாடு’ என்ற சொல்லை உலகம் முழுக்க உணவு விடுதிப் பலகைகளில் எழுதிவிட்டார்கள். காரம், எண்ணெய், கறுஞ்சிவப்பு நிறம் என்று அதற்கு ஒரு பொருளும் நிலைத்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எதிர்பார்ப்பு இப்போது காரைக்குடிக்கே திரும்பி வந்துவிட்டது. வருகிறவர்கள் அதைத் தேடுவதால் இங்கேயும் அதைப் பரிமாறுகிறார்கள். ஒரு நண்பர் பாரம்பரிய விடுதி ஒன்றில் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா காரமே இல்லையே, இது நிஜமாவே செட்டிநாடா?” என்று கேட்டார். அவர் சாப்பிட்டது வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளியும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் செய்கிற, வாய்க்கு அடக்கமான பண்டம். வெள்ளைப் பணியாரம், கத்திரிக்காய்க் கோசமல்லி, கும்மாயம், கந்தரப்பம், சீப்புச் சீடை எதுவும் நாக்கைச் சுடாது. வீட்டுச் சமையல் அன்றாடம் உண்ணத்தக்க சமையல். விடுதிச் சமையல் ஒருமுறை வியக்கத்தக்க சமையல்.

‘உள்ளூர் உணவு’ என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். செம்பராங்கல் பூமி, ஊருணித் தண்ணீரை நம்பிய வானம் பார்த்த ஊர்கள். அன்னாசிப்பூவோ கல்பாசியோ இங்கே விளைவதில்லை. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. ரவையில் செய்யும் ஓர் இனிப்புக்கு ரங்கூன் புட்டு என்றே பெயர். வறண்ட உள்நாட்டுக் கிராமத்தில் ஒரு துறைமுகத்தின் சமையல் நடந்திருக்கிறது. வழிகாட்டி சொல்லாமல் விட்ட கப்பல் கதையை இலையே சொல்லிவிடுகிறது. ஆனால் இலையில் இருப்பதன் பெயரைக்கூட யாரும் நமக்குச் சொல்வதில்லை. கவுனியை ‘கறுப்பு அரிசிப் பாயசம்’ என்று அறிமுகப்படுத்திவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள்.

சுற்றுலாவால் வீடுகள் பிழைக்கின்றன என்று சொல்கிறார்கள். பாதி உண்மை. விடுதியாக மாறிய வீடுகளில் கூரை ஒழுகுவதில்லை, தேக்குக்குக் கறையான் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. பழைய வீட்டை இடிக்காமல் வைத்திருப்பதில் பணம் உண்டு என்று ஊருக்குக் காட்டியது அந்த விடுதிகள்தான். எந்தப் பாரம்பரியப் பாதுகாப்புச் சொற்பொழிவும் அதைச் செய்திருக்காது. ஆனால் எந்த வீடு விடுதியாக முடியும்? உடைமை ஒருவரிடமோ ஒத்துப்போகிற இரண்டு மூன்று பேரிடமோ இருக்கும் வீடு. பெரும்பாலான வீடுகள் அப்படி இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரவிக் கிடக்கிறார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டுகிற வீடுகள் அவை. ஓடு மாற்ற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தால் மழை உள்ளே வரும். சுற்றுலா காப்பாற்றியது எளிதில் காப்பாற்றக்கூடிய வீடுகளை. எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களில் சுற்றுலா வண்டி நிற்பது ஐந்தாறு ஊர்களில்தான். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தச் செய்தி பங்காளிகளின் கையெழுத்தை வாங்கித் தந்துவிடவில்லை.

காப்பாற்ற முடியாத வீடு என்ன ஆகிறது என்பதை அதே நாள் மாலையே பார்க்கலாம். முனீஸ்வரன் கோவில் தெருவில் தூண்கள் சாய்த்து வைத்திருக்கும். நிலைக்கதவு, மரவை என்ற மரக் கிண்ணம், மங்குச் சாமான், ரவிவர்மா படம், யாரோ ஒருவரின் கல்யாணப் போட்டோ. காலையில் “இப்படிப்பட்ட வீட்டையெல்லாம் இடிக்கிறார்களே” என்று வருத்தப்பட்டவர், மாலையில் கதவின் கைப்பிடிக்கு இருநூறு ரூபாய் குறைத்துக் கேட்கிறார். நானும் ஒரு மரவை வாங்கியிருக்கிறேன். உப்பு போட்டு வைத்திருக்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டை அரண்மனையாக்கிப் பேசப் பேச, அதன் உறுப்புகளுக்கு விலை ஏறும். விலை ஏற ஏற, பிரித்து விற்பது பங்காளிகளுக்குச் சுலபமான தீர்வாகத் தெரியும். ஒரே சுற்றுலா ஒரு கையால் கூரையைத் தாங்கி, இன்னொரு கையால் தூணை உருவுகிறது. இந்தக் கணக்கில் எந்தக் கை ஓங்குகிறது என்று கேட்டால், ஆள் வராத ஊர்களைப் பொறுத்தவரை இரண்டாவது கைதான் என்பேன்.

காட்டப்படாத தெருக்களும் உண்டு. சுண்ணாம்பு அரைத்தவர்கள், மரம் இழைத்த ஆசாரிகள், மூட்டை சுமந்தவர்கள், இன்று பூட்டிய வீடுகளைக் காவல் காக்கிறவர்கள் எல்லோரும் அதே ஊர்தான், வேறு தெரு. எந்தச் சுற்றுலாவும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சாவியை வைத்திருக்கும் காவல்கார அம்மாவுக்கு வீட்டைப் பற்றி வழிகாட்டியைவிட அதிகம் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன முறை ஒரு வீட்டில் இரண்டாவது முற்றமான இரண்டாங்கட்டோடு நிறுத்திவிட்டு, “அதுக்கு மேல ஒண்ணுமில்லைங்க, அடுப்படிதான்” என்று வழிகாட்டி திரும்பினார். நான் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். கிணறு, பெரிய ஆட்டுக்கல், அம்மிகள். சுவரோரம் அடுப்புகள் வரிசையாக இருந்தன. எண்ணினேன், ஏழு. அவரும் கூடவே எண்ணிவிட்டு, இரண்டை இடித்துவிட்டார்கள் என்றார்.

திரும்பும் வழியில் கோட்டையூரைத் தாண்டினோம். அங்கே வாழ்ந்த ரோஜா முத்தையா பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும், அழைப்பிதழ், நோட்டீசு என்று மற்றவர்கள் எறிந்துவிடுகிற காகிதங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் நூலகமானது, இப்போது தரமணியில் இருக்கிறது. அந்தக் காகிதங்களில் ஒரு பங்கு இந்த வீடுகளுக்குள் வாழ்ந்தவர்கள் படித்தவை, அச்சிட்டவை, அனுப்பியவை. காரில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னேன். “இங்க பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லை என்பதால் வண்டி நிற்கவில்லை.