அகலமும் நீலக் கோடும்

சமீபத்திய குறும்படங்கள் நாலைந்து பார்த்திருந்தால் கவனித்திருப்பீர்கள். ஹீரோ டார்ச் அடிக்கிறான். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீலமாக ஒரு கோடு. எதிரே கார் வந்தால் மறுபடி கோடு. உபயம், அனமார்ஃபிக் லென்ஸ்.

விஷயம் சுலபம். அகலமான காட்சியை இந்த லென்ஸ் பக்கவாட்டில் மட்டும் நெருக்கிச் சின்னச் சட்டத்துக்குள் திணித்துவிடும். ஃபிலிமில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி. புரொஜக்டரில் இன்னொரு லென்ஸ் போட்டு விரித்தால் சினிமாஸ்கோப். க்ரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களிலேயே செய்துவைத்ததை வாங்கி, 1953-ல் ஃபாக்ஸ் கம்பெனி 'தி ரோப்' எடுத்தது. டி.வி. பயம்தான் காரணம். ஆரம்ப லென்ஸ்களில் ஒரு வியாதி: க்ளோசப் போனால் முகம் உப்பும். ஹாலிவுட்டில் இதற்குப் 'பொன்னுக்கு வீங்கி' என்றே பெயர். பானாவிஷன் வந்து வைத்தியம் பார்த்தது.

அந்த லென்ஸ்கள் கனமானவை, வாடகையும் அதிகம். 2020 வாக்கில் சிருய் என்ற சீனக் கம்பெனி 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. கைக்கடக்கமானது, எடை அரை கிலோ சொச்சம். ஸ்கோப்பின் 2 மடங்குக்குப் பதில் 1.33 மடங்குதான் நெருக்கும். 16:9 படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்தால் ஏறக்குறைய 2.4-க்கு 1 அகலம் வந்துவிடும். கையில் காசில்லாத பையன்களுக்கும் ஸ்கோப்! சந்தோஷமான சமாசாரம்தான்.

ஆனால், கிடைத்த அகலத்தை என்ன செய்கிறார்கள்? நடுவில் ஒரு தலை, இரண்டு பக்கமும் மங்கல், குறுக்கே கோடு. இதற்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை ஒட்டினாலே போதுமே ஐயா!

'காகஸ் கே ஃபூல்' பாருங்கள். 1959-ல் வந்த, இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். இயக்கம் குரு தத், ஒளிப்பதிவு வி.கே.மூர்த்தி. இருட்டான ஸ்டூடியோவுக்குள் சாய்வாக ஒரு ஒளிக்கற்றை இறங்குகிறது. வெளியே அடித்த வெயிலைக் கண்ணாடிகள் வைத்துத் திருப்பி உள்ளே அனுப்பினார் மூர்த்தி. விலகி நிற்கும் குரு தத்தும் வஹீதா ரஹ்மானும் ஒரே ஷாட்டில். நடுவில் காலி இடம். சேர முடியாது என்பதை வசனம் இல்லாமலே அந்த இடம் சொல்லிவிடுகிறது. பழைய சதுரத் திரையில் இத்தனை தூரத்துக்கு இடமே கிடையாது.

படம் படுதோல்வி. அதன்பின் குரு தத் இயக்குநர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளவே இல்லை. 1964-ல் 39 வயதில் போய்விட்டார். மூர்த்திக்கு 2008-ஆம் ஆண்டுக்கான பால்கே விருது கிடைத்தது. ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அதுதான் முதல் தடவை.

புதுசாக லென்ஸ் வாங்கியிருக்கும் தம்பிகளே, டார்ச்சைக் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திருங்கள். இரண்டு பேரை நிறுத்தி, நடுவில் எத்தனை அடி விட்டால் அவர்களுக்குள் சண்டை என்று தெரிகிறது, எத்தனை அடியில் காதல் தெரிகிறது என்று பழகிப் பாருங்கள். கோடு எங்கேயும் ஓடிப்போகாது.