இரண்டு அப்பாக்களின் வீட்டில் ஒலிக்கும் கண்ட்ரி பாடல்

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அச்சானவை ஆயிரம் பிரதிகள்தான். தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் வந்த சிறு விளம்பரத்தைப் பார்த்து, தபால் பெட்டி எண்ணுக்குப் பணம் அனுப்பி அதை வாங்கினார்கள். 'லாவெண்டர் கண்ட்ரி' என்பது அதன் பெயர். ஃபிடிலும் கித்தாரும் அமெரிக்கக் கிராமிய இசையான கண்ட்ரியின் பழைய பாணியில்தான் ஒலித்தன, குரலிலும் அதே கிராமத்து இழுவை. ஆனால் பாடல்களில் வந்த காதல் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலானது. தன்பாலீர்ப்பை ஒளிவுமறைவின்றிப் பாடிய முதல் கண்ட்ரி ஆல்பம் என்று இன்று இசை வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

பாடல்களை எழுதிப் பாடியவர் பாட்ரிக் ஹாகர்ட்டி. வாஷிங்டன் மாநிலத்தின் டிரை கிரீக் என்ற இடத்தில், பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டராக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காகவே 1966இல் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் வாழ்க்கையில் எல்லாவற்றையும்விட முக்கியமான நிகழ்ச்சி அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், பள்ளிப் பருவத்தில் நடந்தது. பள்ளிக்கூட நிகழ்ச்சி ஒன்றுக்காக முகத்தில் மினுக்குப் பூசிக்கொண்டு நின்ற பையன், சாணிக் கறை படிந்த கால்சட்டையோடு நடைவழியில் வந்த அப்பாவைக் கண்டு ஒளிந்துகொண்டான். அப்பா அதைப் பார்த்துவிட்டார். வீடு திரும்பும் வழியில் பேச்சு எழுந்தது. வளர்ந்த பிறகு நீ யாரோடு போனாலும் சரி, ஒளிந்து மட்டும் போகாதே. ஒளிந்தால் தப்புச் செய்கிறோம் என்று நீயே நம்பத் தொடங்கிவிடுவாய் என்பதுதான் அப்பா சொன்னதன் சாரம். எந்தப் படிப்பும் எந்த இயக்கமும் சொல்லிக்கொடுக்காததை ஓர் ஏழைப் பண்ணைக்காரர் 1959இல் மகனிடம் சொன்னார். முதுமையில் ஹாகர்ட்டி இதை, வாழ்க்கைக் கதைகளைப் பதிவுசெய்யும் ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பிடம் விவரிக்க, அது அனிமேஷன் குறும்படமாகி உலகெங்கும் பார்க்கப்பட்டது.

கண்ட்ரி இசையையும் தன்பாலீர்ப்பாளர் குடும்பங்களையும் சேர்த்துப் பேசுகிற சினிமாவை அளக்க அந்தத் தகப்பனின் பேச்சு நல்ல அளவுகோல். ஏனென்றால் கண்ட்ரி இசை அடிப்படையில் வீட்டைப் பற்றிய இசை. 1927இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகரத்தில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவுகளிலிருந்துதான் அதன் வணிக வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அங்கே கண்டெடுக்கப்பட்ட முதல் நட்சத்திரங்களில் ஒன்று கார்ட்டர் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் உறவுப்பெண் மேபெல் ஆகிய மூவரும் பாடியவை தாயைப் பற்றி, இறந்தவர்களைப் பற்றி, வீடு திரும்புவதைப் பற்றி. பின்னாளில் ஏ.பி.யும் சாராவும் மணவிலக்குப் பெற்றார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகள் சேர்ந்தே பாடினார்கள். கண்ட்ரி உலகம் முன்மாதிரியாகக் கொண்டாடும் குடும்பமே உடைந்த பிறகும் சேர்ந்து பாடிய குடும்பம்தான்.

அப்படியிருந்தும் நாஷ்வில்லின் இசைத்தொழில் பல பத்தாண்டுகளாக ஒரே வகைக் குடும்பத்தைத்தான் விற்றது. 1999இல் தரவரிசையின் முதலிடத்தைத் தொட்ட பாடகி செலி ரைட், 2010 மே மாதத்தில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்திக்கொண்டார். பெருவணிகக் கண்ட்ரி இசையில் புகழ்பெற்ற ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அந்த முடிவுக்கு முந்தைய மூன்றாண்டுகளை ரகசியமாகப் படம்பிடித்த 'விஷ் மீ அவே' என்ற ஆவணப்படம் இந்தத் துறையில் தவறவிடக் கூடாத ஒன்று. ஒருவர் தன் பிழைப்பையும் ஊரையும் பெற்றோரையும் ஒரே நாளில் பணயம் வைக்கும்போது முகம் என்னவாகிறது என்பதை, அவரே எடுத்துக்கொண்ட வீடியோக் குறிப்புகள் காட்டுகின்றன. 2014 நவம்பர் 20 அன்று டை ஹெர்ண்டன், பில்லி கில்மன் என்று இரு பாடகர்கள் ஒரே நாளில் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். பெரிய கண்ட்ரி நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தில் இருந்தபடியே டி.ஜே. ஆஸ்போர்ன் தன்னை வெளிப்படுத்த 2021 ஆகிவிட்டது.

இந்தத் தாமதத்துக்குக் கேட்பவர்களைக் குற்றம் சொல்வது எளிது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நாடின் ஹப்ஸ் 2014இல் எழுதிய நூல் அந்த எளிமையை மறுக்கிறது. உழைக்கும் வர்க்கத்து வெள்ளையர்தான் பிற்போக்கு என்ற படம், நடுத்தர வர்க்கம் தன்னைத் தூயதாகக் காட்டிக்கொள்ள வரைந்தது என்பது அவர் வாதம். டிரை கிரீக்கின் பண்ணைக்காரரை நினைத்தால் அந்த வாதத்தின் வலு விளங்கும்.

சினிமாவுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் இரண்டு சிறுபடங்கள் வந்தன. டெல் ஷோர்ஸ் இயக்கிய 'சார்டிட் லைவ்ஸ்' டெக்சஸ் சிற்றூர் ஒன்றின் சாவு வீட்டுக் கதை. பாட்டி இறந்துபோக, குடும்பம் கூடுகிறது. பாட்டியின் மகனைப் பல ஆண்டுகளாக மனநல மருத்துவமனையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கண்ட்ரி பாடகி டாமி வினெட்டைப் போல உடுத்திக்கொண்டு பாடுவதுதான் அவர் 'நோய்'. அந்த வேடத்தில் நடித்த லெஸ்லி ஜார்டன், டென்னசியின் சாட்டனூகாவில் வளர்ந்தவர். படம் சத்தமான நகைச்சுவை. பல இடங்களில் கட்டுப்பாடு இழக்கிறது. ஆனால் பூட்டிய அறைக்குள் ஒரு மனிதரைப் பைத்தியமாகாமல் காத்தது கண்ட்ரி பாடல்தான் என்ற கண்டுபிடிப்பு அதில் இருக்கிறது. கணவனுக்குப் பணிந்து நிற்கும் மனைவியின் குரல் என்று விமர்சகர்கள் ஒதுக்கிய வினெட்டின் குரலை, வீட்டார் கைவிட்ட மகன் தன் குரலாக்கிக்கொள்கிறார். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே அரங்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தப் படம் ஓடியது.

மற்றொன்று தாமஸ் பெசூச்சாவின் 'பிக் ஈடன்'. நியூயார்க் ஓவியர் ஒருவர், நோயுற்ற தாத்தாவைப் பார்த்துக்கொள்ள மொன்டானாவின் மலைக்கிராமத்துக்குத் திரும்புகிறார். பலசரக்குக் கடை நடத்தும் பூர்வகுடி இளைஞருக்கு அவர்மேல் பேசாக் காதல். அந்த இளைஞர் ரகசியமாகச் சமையல் கற்று, தாத்தாவுக்கும் பேரனுக்கும் சாப்பாடு செய்து அனுப்புகிறார். ஊர்ப் பெரியவர்கள் கூடி இருவரையும் சேர்த்துவைக்கப் பாடுபடுகிறார்கள். பின்னணி முழுக்கக் கண்ட்ரி பாடல்கள். வெறுப்பே இல்லாத இப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனாலும் ஊர் தன்னை இப்படியும் கற்பனை செய்துகொள்ளலாம் என்று காட்ட ஒரு படமாவது வேண்டியிருந்தது.

2005இன் 'புரோக்பேக் மவுன்டன்' பற்றி உலகம் நிறையவே பேசிவிட்டது. அது இந்தக் கட்டுரையின் எல்லையில் நிற்கும் படம். அதன் இரு நாயகர்களும் குடும்பஸ்தர்கள், பிள்ளை பெற்றவர்கள். ஆனால் அவர்களுடைய காதலுக்குக் கூரை கிடைப்பதில்லை, மலைதான் கிடைக்கிறது. எம்மிலூ ஹாரிஸ் பாடிய பாடலுக்கு கோல்டன் குளோப் விருது வந்தது. அதே ஆண்டு வெளியான டங்கன் டக்கரின் 'டிரான்ஸ்அமெரிக்கா' குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. தனக்கு ஒரு மகன் இருப்பதைத் தாமதமாக அறியும் திருநங்கை, அவனோடு நாட்டின் குறுக்கே காரில் போகும் கதை. டாலி பார்ட்டன் அதற்கென்றே பாட்டெழுதிப் பாடினார். அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. டென்னசி மலைப்பகுதியில் வறுமையில் பிறந்து கண்ட்ரி உலகின் அரசியான ஒருவர், திருநங்கைத் தாய் ஒருத்தியின் பயணத்துக்குத் தன் குரலைக் கொடுத்தார். அந்த ஆண்டின் நல்ல செய்திகளில் அதுவும் ஒன்று.

இவை எல்லாவற்றையும் தாண்டி நிற்பது 2011இல் வந்த 'இன் தி ஃபேமிலி'. பாட்ரிக் வாங் எழுதி, இயக்கி, முதன்மைப் பாத்திரத்திலும் நடித்த முதல் படம். தைவானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு டெக்சஸில் பிறந்தவர் வாங், எம்.ஐ.டி.யில் பொருளாதாரம் படித்தவர். படத்தின் நீளம் 169 நிமிடம். திரைப்பட விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரித்தன. நியூயார்க்கில் அவரே முயன்று அரங்கு பிடித்து வெளியிட்டார். விமர்சகர்கள் கண்டுகொண்டார்கள், ராஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். சிறந்த முதல் படத்துக்கான இண்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுப் பரிந்துரையும் கிடைத்தது.

கதை டென்னசியின் மார்ட்டின் என்ற சிற்றூரில் நடக்கிறது. ஆறு வயதுச் சிறுவன் சிப்புக்கு இரண்டு அப்பாக்கள். பெற்ற தகப்பன் கோடி என்பவர், அவர் மனைவி பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். வீட்டைப் புதுப்பிக்க வந்த கட்டட வேலைக்காரர் ஜோயி மெல்ல அந்த வீட்டிலேயே ஒருவராகிறார். ஜோயி அனாதையாக வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர். முகம் ஆசியருடையது, பேச்சு அசல் டென்னசி இழுவை. இவர்கள் வீட்டின் இசை சிப் டெய்லருடையது. 'வைல்ட் திங்', 'ஏஞ்சல் ஆஃப் தி மார்னிங்' ஆகிய உலகப்புகழ் பாடல்களை எழுதிவிட்டு, 1970களில் கண்ட்ரி பக்கம் திரும்பியவர் டெய்லர். அவருடைய தளர்ந்த, உரையாடல் போன்ற பாணி இந்தப் படத்தின் நடையோடு ஒட்டிப்போகிறது. பேசத் தயங்கும் இரண்டு ஆண்கள் நெருங்குவதற்கு ஒரு பாட்டு இடம் ஏற்படுத்திக் கொடுக்கிறது.

கோடி கார் விபத்தில் சிக்குகிறார். குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று மருத்துவமனை ஜோயியைத் தடுக்கிறது. கோடி இறக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய உயிலில் வீடும் மகனும் கோடியின் சகோதரிக்குப் போகின்றன. ஜோயிக்குச் சட்டத்தில் இடமில்லை. 2006இல் டென்னசி வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரித்து, தன்பாலின மணத்தை மாநில அரசியலமைப்பிலேயே தடைசெய்திருந்தார்கள். மருத்துவமனையில் துணைவரைப் பார்க்கும் உரிமைக்கான மத்திய அரசு விதி நடைமுறைக்கு வந்ததே 2011 ஜனவரியில்தான். படத்தில் யாரும் கொடியவர் இல்லை. ஜோயியைத் தடுப்பவர்கள் படிவத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சாதாரணத்தன்மைதான் மனத்தை அறுக்கிறது.

வாங் காமிராவை நகர்த்துவதில்லை. அடக்கம் முடிந்து வந்த ஜோயியும் சிறுவனும் சமையலறையில் பேச்சில்லாமல் இருப்பதை நீண்ட ஒரே காட்சியாகக் காட்டுகிறார். இறுதியில் வழக்கறிஞர்கள் அறையில் நடக்கும் வாக்குமூலக் காட்சி அரைமணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் ஜோயியை அவமதிக்கவே உருவானவை. அவர் கோபப்படாமல், தான் எப்படி அந்த வீட்டுக்கு வந்தார், எப்படித் தகப்பன் ஆனார் என்று சொல்லிக்கொண்டே போகிறார். உரிமைகளைப் பற்றி ஒரு வாசகமும் இல்லை. ஒரு சாவு, ஒரு வாக்கு, ஒரு குழந்தை, ஒரு வீடு. இவற்றை நேராகச் சொல்வதைத்தான் நல்ல கண்ட்ரி பாடலும் செய்கிறது. காதலுக்கு அனுமதி கேட்ட படங்கள் பல உண்டு. பள்ளிக்கு யார் கூட்டிப்போவது, சாவில் யார் முன்னால் நிற்பது, பிள்ளை யாரிடம் தூங்குவது என்று கேட்ட படம் இது. பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கேள்விகளில் வணிகம் தெரிவதில்லை. அதனால்தான் இந்தக் களம் சுயாதீன சினிமாவின் கையில் இருக்கிறது.

பாடல்கள் இன்று சினிமாவைவிட வேகமாகப் போகின்றன. நாஷ்வில்லில் வரிசையாக வெற்றிப் பாடல்கள் எழுதும் ஷேன் மக்கனலியும் அவர் கணவரும் இரட்டைக் குழந்தைகளின் தகப்பன்கள். பாடகி பிராண்டி கார்லைல் 2018இல் தாய்மையைப் பற்றி எழுதிய பாட்டு, மனைவி சுமந்து பெற்ற மகளுக்கு இன்னொரு தாய் பாடுவது. 2019இல் அவரும் மூன்று பெண்களும் சேர்ந்த ஹைவிமன் குழு, பெண் பெண்ணை நேசிக்கும் கண்ட்ரி பாடலை எந்த விளக்கமும் இல்லாமல் பாடிவிட்டது.

சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பாலின மணத்தை நாடெங்கும் ஏற்றது; டென்னசித் தம்பதிகளும் அந்த வழக்கில் இருந்தார்கள். ஐந்தாண்டுகூட ஆகவில்லை, 2020 ஜனவரியில் டென்னசி ஆளுநர் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மத நம்பிக்கையைக் காட்டி, தன்பாலினத் தம்பதிகளிடம் குழந்தையை ஒப்படைக்க மறுக்கத் தத்து நிறுவனங்களுக்கு அது அனுமதி தந்தது. ஜோயியைப் போல வளர்ப்பு இல்லங்களில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை ஏற்கத் தயாராக இருக்கும் வீடுகளுக்கும் இடையில் அந்தச் சட்டம் நிற்கிறது.